தனியாக தெரபி ப்ராக்டிஸ் தொடங்குவதற்கு முன்

கேள்வி: ஒரு மருத்துவமனையில் ஐந்து வருடமாக உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு தனியாக ப்ராக்டிஸ் தொடங்க நினைக்கிறேன். வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்க முடியும்? கட்டணத்தை எப்படி முடிவு செய்வது? பணம் கேட்கவே கூச்சமாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? வேறு எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

பதில்:

நான் வேலையை விட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் வாரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. புது நாற்காலி இரண்டு, சுவரில் ஒரு கடிகாரம், டைரியில் மூன்றே மூன்று பெயர். மேலதிகாரி இல்லை, நிரப்ப வேண்டிய படிவம் இல்லை, "இன்னும் ரெண்டு பேரை இன்னிக்கே பார்த்துடுங்க" என்று கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர் இல்லை. அப்படி ஒரு நிம்மதி. இரண்டாவது வாரம்தான் உறைத்தது: நான் எதையாவது தப்பாகச் செய்தாலும் எட்டிப் பார்க்க யாரும் இல்லை.

மருத்துவமனையில் பல வேலைகள் நமக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கும். பணத்தை வேறு யாரோ வாங்கிக்கொள்வார்கள். நேரம் முடிந்ததை அடுத்த ஆள் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவார். ஒருவருடைய நிலை மோசமாக இருந்தால் மாடியில் மனநல மருத்துவர் இருப்பார். மதியம் சாப்பிடும்போது கூட இருப்பவரிடம் "இந்தக் கேஸ் ஒண்ணுமே பிடிபடல" என்று புலம்பலாம். வெளியே வந்ததும் இவை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். ஒவ்வொன்றையும் நாமே திரும்பக் கட்ட வேண்டும். தனி ப்ராக்டிஸ் என்பதில் பெரும்பகுதி இந்தக் கட்டுமான வேலைதான்.

உரிமம், பதிவு, காப்பீடு, வரி எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள். அதோடு பழைய வேலையின் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். அங்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களை உங்களோடு அழைத்து வரலாமா கூடாதா என்பது அநேகமாக அதில் எழுதியிருக்கும். கூடாது என்றால் கூடாதுதான். ஆனால் அவர்களை அந்தரத்தில் விட்டுவிட்டும் வரக் கூடாது. போவதைச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லி, வேறு ஒருவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம்.

வாரத்துக்கு 20 செஷன் என்று வையுங்கள். வருடத்துக்கு 52 வாரம், ஆக 1,040 செஷன். எல்லோரும் போடும் மனக்கணக்கு இது. ஆனால் விடுமுறை, காய்ச்சல், பயிற்சி வகுப்பு, குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் போக 44 வாரம் வேலை செய்தால் அதிகம். அது 880. அதில் பத்துக்கு ஒன்று கடைசி நேரத்தில் ரத்தாகும் என்று வைத்தால் 792. கிட்டத்தட்ட கால்வாசி காணாமல் போய்விட்டது. வீட்டுச் செலவு, அறை வாடகை, சூப்பர்விஷன் (நம் கேஸ்களை அனுபவமுள்ள இன்னொரு தெரபிஸ்டிடம் கொண்டுபோய் அலசுவது), காப்பீடு, வரி, சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டி 792-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் கட்டணத்தின் அடிமட்டம். நான் தொடங்கியபோது 1,040-ஆல் வகுத்தேன். ஒன்றரை வருடம் ஏன் கையில் எதுவும் தங்கவில்லை என்று புரியாமலே ஓடினேன்.

20 என்றால் குறைவாகத் தெரிகிறதா? 20 செஷனுக்குப் பின்னால் குறிப்பு எழுதுவது, போன் பேசுவது, நேரம் மாற்றுவது, ரசீது போடுவது, மருத்துவருக்குக் கடிதம் எழுதுவது என்று இன்னொரு பத்துப் பதினைந்து மணி நேரம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, கவனத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டு. ஒரு மாதம் பணமுடையில் வாரம் 31 வரை பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எதிரே இருந்தவரிடம் "அண்ணன் இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். அவருக்கு அண்ணனே கிடையாது. அந்த அண்ணன் புதன்கிழமை வருகிறவருடைய அண்ணன். அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார், என்னால் விட முடியவில்லை. அதற்குப் பிறகு 22-ஐத் தாண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து, தவிர்க்க முடியாவிட்டால் ஆறு. உங்களுக்கு இது வேறாக இருக்கலாம். ஆனால் உங்கள் எண் எது என்று தவறு நடப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளப் பாருங்கள்.

பணம் கேட்கும் கூச்சம் இந்தத் தொழில் அளவுக்குப் பழையது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1913-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர்கள் பாலுறவைப் பற்றிப் பேசும்போது காட்டும் அதே பூசிமெழுகலைப் பணத்திலும் காட்டுகிறார்கள், அதனால் சிகிச்சை தருபவர் முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்பது அவர் வாதம். கடன் சேர விடாமல் குறுகிய இடைவெளிகளில் வாங்கிவிட வேண்டும் என்றும், ஒருவருக்கு ஒதுக்கிய மணி நேரம் அவருடையது, அவர் வராவிட்டாலும் அதற்கான கட்டணம் உண்டு என்றும் சொன்னார். அதே கட்டுரையில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியாததும் நோயாளியைச் சாய்விருக்கையில் படுக்கவைத்துத் தான் பின்னால் உட்கார ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறார். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும். தெரபிஸ்டின் வசதியும் அறையின் ஒரு பகுதிதான் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது.

ஃப்ராய்டின் கண்டிப்பு எல்லாவற்றையும் நான் பின்பற்றுவதில்லை. ஆனால் கடன் விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வேலை போய்விட்டது, "அடுத்த மாதம் சேர்த்துத் தந்துவிடுகிறேன்" என்றார். சரி என்றேன். அடுத்த மாதமும் சரி என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பேசப் பயம். ஐந்து மாதம் சேர்ந்தது. அப்புறம் அவர் ஒரு நாள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அவர் என்னிடம் வந்த காரணங்களில் ஒன்றே, அப்பாவிடம் வாங்கிய கடனால் அப்பா முகத்தில் விழிக்க முடியாதது. அதே நிலைமையை என் அறையிலும் நானே உண்டாக்கியிருக்கிறேன். முதல் மாதமே "கட்டணத்தைக் குறைக்கலாமா, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கலாமா" என்று கேட்டிருந்தால் அவர் தொடர்ந்து வந்திருப்பார்.

இப்போது என் ஏற்பாடு இது. முதல் போன் பேச்சிலேயே தொகையைச் சொல்லிவிடுவேன், சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்வேன். தொகையைச் சொன்ன கையோடு "ஆனா உங்களுக்குக் கஷ்டம்னா பரவாயில்ல" என்று சேர்ப்பதுதான் கூச்சத்தின் வேலை. அந்தப் பக்கம் இருப்பவர் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார். குறைந்த கட்டணத்துக்கு 20-இல் மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறேன். அவை நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியல், அல்லது கட்டணமில்லாத சேவை ஒன்றின் எண். கதை எவ்வளவு சோகமாக இருக்கிறது என்று பார்த்துத் தள்ளுபடி தர ஆரம்பித்தால், நன்றாகக் கதை சொல்லத் தெரியாதவர்தான் முழுக் கட்டணம் கட்டுவார். ரத்து செய்வதென்றால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முழுக் கட்டணம். இதை எழுத்தில் கொடுத்து, முதல் சந்திப்பில் வாயாலும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரிடமும் துக்க வீட்டில் இருப்பவரிடமும் கேட்பதில்லை. விதி இருந்தால்தானே விலக்கு தர முடியும்.

நேரமும் இதே ரகம். 50 நிமிடம் என்றால் 50. விட்டுக்கொடுத்து 65 ஆனால் அடுத்தவர் வெளியே காத்திருப்பார், உங்களுக்கு எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. அதோடு ஒரு விசித்திரமும் உண்டு. பலர் முக்கியமானதைக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் சொல்வார்கள், சில சமயம் கதவின் கைப்பிடியில் கை வைத்த பிறகு. "இன்னொண்ணு... அந்தக் குழந்தை என்னோடது இல்ல." நீங்கள் உட்காரச் சொன்னால், அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் தந்த வாசலையே அடைத்துவிடுகிறீர்கள். "இது பெரிய விஷயம். அடுத்த முறை இதிலிருந்தே தொடங்கலாம்" என்பது பெரும்பாலும் போதும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் கடிகாரத்தை மறந்துவிடுங்கள். பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் வினிகாட் 1949-இல் எழுதியது ஒன்று உண்டு: நேரம் முடிந்தது என்று சொல்வதில் சிகிச்சை தருபவரின் வெறுப்பும் கொஞ்சம் வெளிப்படுகிறது என்று. முதலில் படித்தபோது எரிச்சல் வந்தது. ஒரு நீண்ட வியாழக்கிழமையின் முடிவில் "இன்றைக்கு இங்கே நிறுத்திக்கொள்வோம்" என்று கொஞ்சம் வேகமாகவே சொன்னபோது அவர் சொன்னது புரிந்தது.

அறைக்கு அழகைவிட முக்கியம் சத்தம் வெளியே போகாமல் இருப்பது. உள்ளே ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, காத்திருக்கும் இடத்தில் நீங்களே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சொல் சொல்லாகக் கேட்டால் அந்த அறை வேண்டாம். கடிகாரம் எதிரே இருப்பவரின் தலைக்குப் பின்னால் இருக்கட்டும். அவர் அழுதுகொண்டிருக்கும்போது நீங்கள் மணிக்கட்டைத் திருப்ப வேண்டாம். இருவர் வாசலில் முட்டிக்கொள்ளாதபடி இடையில் 10 நிமிடம். நாற்காலிகளில் நல்லதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் ஒரு மணி நேரம் உட்காருவார், நீங்கள் வருடக்கணக்கில் உட்காருவீர்கள்.

ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரவில் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று தெரியும். எனக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு பொது மருத்துவர்கள், ஒரு மனநல மருத்துவர், அப்புறம் ஏற்கெனவே வந்துபோனவர்கள் மூலமாக வந்தார்கள். "எல்லாவற்றுக்கும் பார்க்கிறேன்" என்று சொல்லும் ஆளை எந்த மருத்துவரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. "பீதித் தாக்குதலும் இழப்புத் துயரமும் பார்க்கிறேன்" என்றால் ஞாபகம் இருக்கும். கூடவே எதைப் பார்க்க மாட்டீர்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கடுமையான உணவுக் கோளாறு போன்றவற்றுக்கு உடலைக் கண்காணிக்கும் மருத்துவக் குழு தேவை. தனியாள் அறையில் அதை எடுத்துக்கொள்வது துணிச்சல் இல்லை, அசட்டுத்தனம். டைரி காலியாக இருக்கும் முதல் வருடத்தில் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். வந்துகொண்டிருப்பவர்களிடம் இணையத்தில் நல்ல வார்த்தை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்களைச் சார்ந்திருக்கும் நிலையில் அவரால் மறுக்க முடியாது. யாராவது திட்டி எழுதினால் பதில் எழுதாதீர்கள். "அவர் மூன்று முறைதான் வந்தார்" என்று தொடங்கினாலே ரகசியத்தை உடைத்துவிட்டீர்கள்.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது. தனியாக இருக்கும்போது நம் வேலையைப் பற்றி நமக்கு இருக்கும் அபிப்பிராயம் மெல்ல மெல்ல வீங்கும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 129 மனநலத் தொழிலர்களிடம் சக தொழிலர்களோடு தங்களை ஒப்பிடச் சொன்னார்கள். கால்வாசிப் பேர், நூற்றுக்குத் தொண்ணூறு பேரைவிடத் தாங்கள் மேல் என்றார்கள். சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில், 550 பேரில் யார் யார் மோசமாகப் போவார்கள் என்று அவர்களுடைய தெரபிஸ்டுகளையே கணிக்கச் சொன்னார்கள். மோசமானவர்கள் 40 பேர். தெரபிஸ்டுகள் கணித்தது மூன்றே பேரை, அதில் சரியாக இருந்தது ஒன்று. அனுபவம் இதைச் சரிசெய்துவிடும் என்றால், 2016-இல் 170 தெரபிஸ்டுகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு அதையும் கெடுத்துவிட்டது: அனுபவம் கூடக் கூடப் பலன் சராசரியாக ஏறவில்லை, மிகச் சிறிய அளவில் இறங்கவே செய்தது.

அப்படிக் கவனிக்காமல் விடுகிறவர்களில் நானும் ஒருத்திதான். ஒரு பெண் எட்டு மாதம் வந்தார். நேரம் தவறாமல் வருவார், நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்வார், "ரொம்ப உதவியா இருக்கு" என்பார். நன்றாகப் போகிறது என்று குறிப்பில் எழுதிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு ஒரு செஷனின் ஒலிப்பதிவைச் சூப்பர்வைசரிடம் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் கேட்டுவிட்டு சூப்பர்வைசர் கேட்டது ஒன்றுதான்: "இவங்க எப்பவாவது உங்க பேச்சை மறுத்திருக்காங்களா?" இல்லை. எட்டு மாதமும் அந்தப் பெண் என்னைத் திருப்திப்படுத்திக்கொண்டிருந்தார், வீட்டில் எல்லோரையும் திருப்திப்படுத்திக் களைத்துப்போனதால்தான் என்னிடம் வந்தார் என்பதை மறந்து நானும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதனால் என் அறையில் இப்போது மூன்று விஷயம் கட்டாயம். ஒவ்வொரு செஷனுக்கும் முன்னால், தான் எப்படி இருக்கிறோம் என்று வந்தவர் எண்ணால் மதிப்பிட்டு ஒரு நிமிடத்தில் நிரப்பும் நாலைந்து கேள்வி. எண்கள் கீழே போனால் அன்று அதைத்தான் முதலில் பேசுவோம். மாதம் இருமுறை காசு கொடுத்து சூப்பர்விஷன். அங்கே நன்றாகப் போகும் கேஸையும் எடுத்துப்போவேன். அப்புறம், என்னைப் போலவே தனியாக இருக்கும் நான்கு பேர் சேர்ந்த குழு, மாதம் ஒருமுறை. சூப்பர்விஷனைப் பலரும் கையில் பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். வாடகை மாதிரி நினையுங்கள். அது இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

ஆட்கள் சொல்லாமல் நின்றுபோவார்கள், அதையும் எதிர்பாருங்கள். 669 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் வருடத்துக் கட்டுரை ஒன்று, சுமார் ஐந்தில் ஒருவர் பாதியில் விடுகிறார் என்கிறது. சம்பளத்தில் இருந்தபோது அது ஒரு காலி இடம், அவ்வளவுதான். தனியாக இருக்கும்போது அது வருமானமும், "நான் சரியில்லையோ" என்ற கேள்வியும் சேர்ந்து வரும். ஒரே ஒரு செய்தி அனுப்புவேன்: நேரம் உங்களுக்காக இந்தத் தேதி வரை இருக்கிறது, வர விருப்பமில்லை என்றாலும் சொல்லலாம், தவறாக நினைக்க மாட்டேன் என்று. இரண்டாவது செய்தி கிடையாது.

ஆபத்தான நிலைமைகள். மருத்துவமனையில் உங்களுக்குப் பின்னால் கட்டடமே இருந்தது. இங்கே இரவு பதினொரு மணிக்கு போனில் ஒரு செய்தி வரும். முதல் சந்திப்பிலேயே இரண்டைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று, ரகசியம் எங்கே முடிகிறது என்பது. கலிஃபோர்னியாவில் 1976-இல் வந்த டாரசாஃப் தீர்ப்பு, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காப்பாற்றும் கடமை தெரபிஸ்டுக்கு உண்டு என்றது. உங்கள் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைக் கிளையண்டிடம் எளிமையாகச் சொல்லுங்கள். இரண்டு, நீங்கள் அவசர உதவி இல்லை. இரவில் யாரை அழைக்க வேண்டும் என்பது. தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் "ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது, நமக்குத்தான் தூக்கம் வரும். அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் உருப்படியானது. எண்ணம் கிளம்பும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, தனியாக என்ன செய்து பார்ப்பார், எங்கே போவார், யாரிடம் உதவி கேட்பார், எந்த எண்ணை அழைப்பார், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து எப்படி அகற்றுவது என்று இருவரும் சேர்ந்து எழுதி, தாளை அவர் கையில் கொடுப்பது. தேவைப்பட்டால் அனுப்புவதற்கு ஒரு மனநல மருத்துவரை ப்ராக்டிஸ் தொடங்குவதற்கு முன்பே நேரில் போய்ப் பார்த்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வந்த அன்றைக்குத் தேடக் கூடாது.

தொழிலுக்குத் தனி போன் எண், இரவு எட்டுக்கு மேல் அணைத்துவிடுவேன். குறிப்புகளைச் சுருக்கமாக எழுதுங்கள், ஒரு நாள் அந்த நபரே படிக்கக் கேட்கலாம், நீதிமன்றமும் கேட்கலாம் என்ற நினைப்போடு.

கடைசியாக ஒன்று. யாரும் தொடங்கும்போது யோசிக்காத விஷயம். நாளைக்கு உங்களுக்கு விபத்து என்றால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து மூடிய கதவின் முன்னால் நிற்பவருக்கு யார் சொல்வது? மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவர் சொல்வார். உங்கள் வீட்டாருக்கோ அவர்கள் பெயரே தெரியாது, தெரியவும் கூடாது. எனக்கு மூன்றாவது வருடம் திடீரென்று ஆபரேஷன் ஆனபோது, மயக்கம் தெளிந்ததும் முதலில் ஞாபகம் வந்தது வெளியே காத்திருந்த இரண்டு பேர்தான். இப்போது குழுவில் இருக்கும் ஒருவரிடம் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. யாருக்கு எப்படித் தகவல் சொல்ல வேண்டும், யாரை யாரிடம் அனுப்பலாம், குறிப்புகள் எங்கே பூட்டியிருக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை வருகிறவர்களிடம் சேரும்போதே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறையை மாற்றுகிறோம். அவருடைய உறை என் அலமாரியில் இருக்கிறது.